அத்தியாயம் 4: பார்க்க ஆளில்லாத நாடகம்

"ஆண்டு விழா நாடகத்தில் மரமாக நின்றவர்கள் கை தூக்குங்கள்." ஆசிரியர் பயிற்சிகளில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சிரிப்புக்கு நடுவே பாதிக் கைகள் உயரும். "நான் மரம்கூட இல்ல சார், திரை இழுத்தேன்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். மரமாக நின்று என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அடுத்துக் கேட்பேன். "அசையாம நிக்கறது" என்றார் ஒருவர். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் நிஜத்தைச் சொன்னார்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டால் வசனம் கிடைப்பது ஏழெட்டுப் பேருக்கு. அவர்களும் ஏற்கெனவே வாயாடிகள். கூச்சப்படுகிற பிள்ளை காவலாளியாக ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கும். ஒரு மாத ஒத்திகைக்குப் பிறகு பேசத் தெரிந்தவன் இன்னும் நன்றாகப் பேசுவான். பேசாதவன் பேசாமலிருக்க நன்றாகப் பழகியிருப்பான்.

நம் பக்கம் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்ட மரபு பெரிது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வை டி.கே. சண்முகம் ஆறு வயதுப் பிள்ளையாக அங்கே போய்ச் சேர்ந்தவர். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். பாட்டு, உச்சரிப்பு, மேடைத் துணிவு எல்லாம் அங்கே கிடைத்தன. அடியும் கிடைத்தது, வீட்டு ஏக்கமும் கிடைத்தது. பிள்ளையின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கம்பெனிக்குக் கவலையில்லை. டிக்கெட் வாங்கியவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கணக்கு. பள்ளி ஆண்டு விழா நாடகம் அந்தக் கம்பெனியின் பேரப்பிள்ளை என்பது என் எண்ணம். விழா நாடகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு வேலை.

இந்த அத்தியாயத்தில் வருவது பட்டறை. மேடை இல்லை, திரை இல்லை, மனப்பாட வசனம் இல்லை. உட்கார்ந்து பார்க்க ஆளும் இல்லை. அறைக்குள் வருகிற எல்லோரும் ஆட வேண்டும், ஆசிரியர் உட்பட. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்க்க வந்தால் அவரையும் வட்டத்தில் சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு விதி குலைந்தால் மற்றதெல்லாம் குலையும். பார்க்க ஆள் வந்த நிமிஷமே பிள்ளைகள் 'நல்லா' செய்ய ஆரம்பித்துவிடுவார்கள், உள்ளதைச் செய்ய மாட்டார்கள்.

எந்தப் பிள்ளைகளுக்கு

நான் மனத்தில் வைத்து எழுதுவது வன்னியம்பட்டி மாதிரி ஊர்ப் பள்ளிகளை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மேற்கே மலையும் கிழக்கே தூரத்தில் பட்டாசு ஊர்களுமாக இருக்கிற பகுதி. வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா ராஜபாளையம் மில்லில் இருப்பார், இன்னொன்றின் அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போவார், மற்றொன்றின் வீட்டில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு வேலை. "அம்மா செகண்ட் ஷிப்ட்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்குள் நிறைய அடங்கியிருக்கிறது. பள்ளி விட்டுப் போகும்போது அம்மா வீட்டில் இல்லை, தம்பிக்குச் சோறு போட வேண்டும், அம்மா திரும்பும்போது இந்தப் பிள்ளை தூங்கியிருக்கும்.

சமூகத் திறன், மனவெழுச்சித் திறன் என்று பயிற்சிக் கையேடுகள் சொல்வதில் பாதி இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு. தன் மனநிலையை அறிதல், அதை அடக்கி ஆளுதல், அடுத்தவர் மனத்தைப் படித்தல், ஒத்துப்போதல், யோசித்து முடிவெடுத்தல் என்று ஐந்தாகப் பிரிக்கிறது 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் அமைப்பு. உலக சுகாதார நிறுவனம் பத்து வாழ்க்கைத் திறன்கள் என்கிறது. பத்து வயதில் தம்பியை வளர்க்கிற பிள்ளைக்கு 'பொறுப்பு' பற்றிப் பாடம் எடுப்பது நமக்குத்தான் வெட்கம். அந்தப் பிள்ளைக்கு இல்லாதது வேறு: மனசில் கிடப்பதை வெளியே எடுத்து வைக்க ஓர் இடமும், அதற்கான சொற்களும். பட்டறை தர முயல்வது அவற்றைத்தான்.

நாடகம் இதற்கு உதவும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. கிளென் ஷெலன்பெர்க் என்ற உளவியலாளர் கனடாவில் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை நான்கு குழுவாக்கி ஓராண்டு பார்த்தார். முடிவை 2004-இல் வெளியிட்டார். அவர் தேடியது, இசை கற்றால் அறிவுத்திறன் எண் கூடுமா என்பதை. இரண்டு குழு இசை கற்றது, ஒரு குழு எதுவும் கற்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு நாடகம். இசைப் பிள்ளைகளின் எண் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அதிகம் கூடியது. ஆனால் மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறியவர்கள் சும்மா ஒப்பீட்டுக்காகச் சேர்த்த நாடகக் குழுவினர் மட்டும்தான். சாட்சிக்கு வந்தவர் பரிசை வாங்கிப் போன கதை.

நேரம், இடம், செருப்பு

வாரம் ஒரு முறை, சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட். எண்பது நிமிடத்துக்குக் குறைந்தால் வட்டம் கூடவும் கலையவுமே சரியாகிவிடும். பத்து வாரமாவது தொடர்ந்து நடத்துங்கள். ஒருநாள் முகாமில் பிள்ளைகள் ஆடிப் பாடிவிட்டுப் போவார்கள். மறுநாள் அதே சண்டை, அதே ஒதுக்கல்.

விளையாட்டுப் பீரியடைப் பறிக்காதீர்கள். பறித்தால் முதல் வாரத்திலிருந்தே நாடகம் அவர்களுக்கு எதிரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் யாருக்கும் வேண்டாத இரண்டு பீரியட் எல்லாப் பள்ளியிலும் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளுங்கள். அறை போதாவிட்டால் வேப்பமரத்தடி, ஆனால் மற்ற வகுப்புகளின் ஜன்னலுக்கு நேரே வேண்டாம். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம். செருப்பெல்லாம் வெளியே, உங்களுடையதும். பிரம்பு கையில் இருந்தால் அதை ஆசிரியர் அறையிலேயே விட்டு வாருங்கள். உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனை எதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது என்பது ஒரு பக்கம். பிரம்பைப் பார்த்துக்கொண்டு யாரும் தன் பயத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்பது நம் வேலைக்கு முக்கியமான பக்கம்.

வேறு செலவு கிடையாது. இரண்டு துண்டு, ஒரு சேலை, நாலைந்து செய்தித்தாள் இருந்தால் பஸ், மலை, கடை, குழந்தை எல்லாம் வந்துவிடும்.

முதல் மூன்று வாரம்: விளையாட்டு மட்டும்

அவசரப்பட்டு முதல் நாளே 'நடி' என்று சொல்லிவிடாதீர்கள். வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி, சிகாகோவில் பல நாட்டிலிருந்து குடியேறிய ஏழைப் பிள்ளைகளோடு வேலை செய்தபோது, பொது மொழிகூட இல்லாத கூட்டத்தை நடிப்புக்குக் கொண்டுவர விளையாட்டுகளையே படியாக வைத்தார். 1963-இல் அவர் எழுதிய கையேடு இன்றும் நாடகப் பள்ளிகளில் புழங்குகிறது. நமக்கு அவருடைய விளையாட்டுகள் வேண்டாம், நம் தெருவிலேயே இருக்கின்றன.

'ஸ்டேச்சு' தெரியாத பிள்ளை இல்லை. எல்லோரும் நடக்க, நீங்கள் ஸ்டேச்சு என்றதும் நிற்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒரு சொல் சேருங்கள்: "ரேஷன் கடை வரிசை, ஸ்டேச்சு!" "பரீட்சைப் பேப்பர் குடுக்கறாங்க, ஸ்டேச்சு!" நாற்பது உடம்புகள் நாற்பது விதமாக உறையும். இப்போது ஒரு சிலையின் தோளை நீங்கள் மெதுவாகத் தொட்டால், அந்தச் சிலை மனசுக்குள் நினைப்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். வாய் திறக்காத பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் பேசுவது இங்கேதான், பேசுவது தாங்களல்ல, சிலை என்ற தைரியத்தில். தொடப் பிடிக்காத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் விரல் சொடுக்கினால் போதும். இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

'கொலை கொலையா முந்திரிக்கா' ஆடும்போது நீங்கள் வட்டத்தைக் கவனியுங்கள். யார் யார் முதுகுக்குப் பின்னால் துணி விழுகிறது, யார் பின்னால் கடைசிவரை விழவே இல்லை. ஒரு வகுப்பின் முழு வரைபடத்தையும் அந்தத் துணி போட்டுக் காட்டிவிடும். பார்த்ததை அங்கே சொல்லாதீர்கள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னவர் என்ன சொன்னாலும் அதை ஏற்று, இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பார். அதை விளையாட்டாக்கலாம். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரு பிள்ளை, "நேத்து எங்க வீட்டுக்கு ஒரு யானை வந்துச்சு" என்றால் அடுத்தது மறுக்கக் கூடாது: "ஆமா, வந்து காப்பி கேட்டுச்சு." "ஆமா, சீனி கம்மியா." எதிரில் இருப்பவரின் பேச்சை வெட்டாமல் கேட்டு அதன் மேல் கட்டுவதைப் பத்து நிமிடத்தில் உடம்பில் ஏற்றுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர்களோடு ஆடும்போதுதான் தகராறு. நாம் "அது எப்படி?" என்றே பழகியவர்கள்.

ஜோடி சேர்ப்பது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "ஜோடி சேருங்கள்" என்று நீங்கள் சொன்னால், பையன்கள் பையன்களோடு, ஒரு தெரு அதே தெருவோடு சேரும். தெரு என்று எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதி உணர்வைக் களைய அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். மணிக்கட்டுக்குள்ளே கட்டியிருப்பதை யார் அவிழ்ப்பது?

பட்டறையில் இதைப் பற்றி உரை நிகழ்த்தாதீர்கள். கலைத்துப் போடுங்கள். வட்டமாக நிற்கவைத்து இட்லி, தோசை, பொங்கல், பூரி என்று வரிசையாகப் பெயர் கொடுத்து, இட்லிகள் ஒரு குழு, தோசைகள் ஒரு குழு. அடுத்த விளையாட்டுக்குப் பிறந்த மாதம். அதற்கடுத்து உயரம். எந்த இருவரும் ஒரே நாளில் இரண்டு முறை ஜோடியாக வரக் கூடாது. பத்து வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் மற்ற ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு முறையாவது கண்ணுக்குக் கண் பார்த்து, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி அசைவுக்கு அசைவு திருப்பிச் செய்திருக்க வேண்டும். "அவன்கூட மாட்டேன் சார்" என்று ஒருவன் சொன்னால் வற்புறுத்தவும் வேண்டாம், காரணம் கேட்டு வட்டத்தின் நடுவே நிறுத்தவும் வேண்டாம். அந்தச் சுற்றில் அவன் உங்கள் ஜோடி. அடுத்த வாரம் இட்லி-தோசை அவனை மறுபடி அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும்.

'கடுப்பு'க்கு எத்தனை பெயர்

எப்படி இருக்கிறாய் என்று எட்டாம் வகுப்பில் கேட்டால் இரண்டே பதில்: "நல்லாருக்கேன் சார்", "கடுப்பா இருக்கு சார்." பசி, அவமானம், பொறாமை, தூக்கமின்மை, அப்பா குடித்துவிட்டு வந்த இரவு எல்லாமே கடுப்புதான். பெயர் இல்லாத உணர்ச்சி கையில் வந்து அடியாக முடியும்.

இங்கே தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்கலாம். மெய்ப்பாட்டியலில் அவர் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார். அவர் செய்யுளுக்காக எழுதியது, வகுப்பறைக்காக அல்ல. ஆனாலும் அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கால். பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகையும் ஒன்றை இழந்ததால் வரும் அழுகையும் வேறு வேறு என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். நான்கு குழுவும் நான்கு அழுகையைச் சத்தமில்லாமல் உறைநிலைக் காட்சியாக வைக்கட்டும், மற்றவர்கள் எது எது என்று கண்டுபிடிக்கட்டும். பெருமிதம் பிறக்கும் நான்கில் கல்வி ஒன்று, உவகையின் நான்கில் விளையாட்டு ஒன்று. அச்சத்துக்கு அவர் சொல்வது அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய், மிருகம், திருடன் மூன்றும் புரிந்தது, இறை என்றால் யார் என்று ஒரு வகுப்பில் கேட்டேன். நம்மை ஆள்கிறவர் என்று விளக்கி முடிப்பதற்குள் ஒரு சிறுமி எழுந்து வகுப்பாசிரியை மாதிரி கண்ணாடியைச் சரிசெய்து காட்டினாள். டீச்சரும் வட்டத்தில்தான் இருந்தார். சிரித்துவிட்டார், நல்லவேளை.

பாடநூல் சொற்களோடு நிறுத்தாமல் வீட்டுச் சொற்களையும் சேருங்கள்: எரிச்சல், ஏக்கம், வெக்கம், ஆத்தாமை, பதட்டம், மனசு கனம், 'ஒரு மாதிரியா இருக்கு'. சுவரில் ஒரு தாள் ஒட்டி, புதுச் சொல் வரும்போதெல்லாம் பிள்ளைகளே எழுதட்டும். அதன் பிறகு ஒவ்வொரு பட்டறையும் ஒரே கேள்வியோடு தொடங்கும்: இன்றைக்கு எந்தச் சொல்? கடுப்பு என்ற சொல்லுக்கு மட்டும் தடை.

ஒரே ஆள், மூன்று பேர்

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி போல ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றும் பெருமாள் கோயிலில் நடக்கிறது. அதில் முத்துக்குறி என்ற பகுதியில் குல்லாய் அணிந்த அரையர் ஒருவரே தாயாகவும், காதலில் வாடும் மகளாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி நிற்பார். உடை மாறாது, ஆள் மாறாது, நிற்கிற மனம் மட்டும் மாறும்.

இதையே பயிற்சியாக்கலாம். தரையில் மூன்று வட்டம் வரையுங்கள். ஒரு வழக்கு கொடுங்கள்: பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தை மகளே போட்டுவிட்டாள். முதல் வட்டத்தில் மகள், இரண்டாவதில் அப்பா, மூன்றாவதில் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத அக்கா. ஒரே பிள்ளை மூன்று வட்டத்திலும் நின்று அந்தந்த ஆளாக மூன்று வரி பேச வேண்டும். அப்பாவின் வட்டத்துக்கு வந்ததும் எல்லாப் பிள்ளையும் முதலில் கத்தும். விடுங்கள். கத்தி முடித்ததும் மெதுவாக, "இப்ப மில்லிலேருந்து வந்திருக்கீங்க, நைட் ஷிப்ட். மறுபடி சொல்லுங்க" என்று சொல்லுங்கள். குரல் இறங்கும். அந்த இரண்டாவது பேச்சுக்காகத்தான் மூன்று வட்டம்.

கட்டியக்காரன் வேலை

பிரேசில்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) உண்டாக்கிய ஒரு முறையில், ஓர் அநியாயம் நடக்கும் சிறு காட்சியை ஒரு தடவை முழுதாக நடித்துக் காட்டுவார்கள். இரண்டாம் தடவை நடிக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பவர் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லி உள்ளே வந்து, ஒரு பாத்திரத்தை ஏற்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். மேற்கு வங்கக் கிராமங்களில் ஜன சம்ஸ்கிருதி என்ற குழு 1985 முதல் இருக்கிறது; போவாலின் இந்த முறையை அங்கே வேரூன்றச் செய்தது அதுதான். நடத்திவைப்பவரைப் போவால் ஜோக்கர் என்றார். நமக்குக் கூத்தின் கட்டியக்காரனே இருக்கிறான். ராஜாவோடும் பேசுவான், உட்கார்ந்திருக்கும் ஊரோடும் பேசுவான். அந்த வேலை உங்களுடையது.

காட்சி சின்னதாக இருக்கட்டும். சாயங்காலம், விலக்கில் பஸ் வருகிறது, கூட்டம். ஆறாம் வகுப்புப் பையனின் பையை இரண்டு பெரிய பையன்கள் பிடுங்கி ஒருவருக்கொருவர் தூக்கிப் போட்டு விளையாடுகிறார்கள். பஸ்ஸே சிரிக்கிறது. பையைப் பறிகொடுத்தவனும் சிரிக்கிறான், வேறு வழியில்லாமல். அவன் நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

விதி இரண்டு. பிடுங்கியவர்களை யாரும் மாற்றி நடிக்கக் கூடாது. அவர்கள் திருந்திவிட்டால் கதையே இல்லை. மந்திரமும் கூடாது, திடீரென்று போலீஸ் வருவதெல்லாம் சினிமா. நண்பனாக உள்ளே வருகிற முதல் பிள்ளை அநேகமாக அடிக்கப் போகும். நடித்துப் பார்க்கட்டும், "அடுத்த ஸ்டாப்புல என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த பிள்ளை கண்டக்டரிடம் சொல்லும். கண்டக்டர் கூட்டத்தில் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறார். நாலைந்து பேர் வந்து போன பிறகு யாராவது ஒருத்தி வந்து எதுவும் பேசாமல் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். சிரிப்பு நின்றுவிடும். அப்போது நீங்கள் 'சபாஷ்' என்று குதித்து அதைச் சரியான விடை ஆக்கிவிடாதீர்கள். "நிக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்று அவளிடமும், "பக்கத்துல ஆள் வந்ததும் எப்படி இருந்துச்சு?" என்று அவனிடமும் கேட்டுவிட்டு விடுங்கள்.

ஆசிரியரும் வேடம் கட்ட வேண்டும்

டோரத்தி ஹீத்கோட் (1926–2011) இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்க்காரர். 14 வயதில் படிப்பை விட்டுக் கம்பளி மில்லில் தறி ஓட்டப் போனார். அந்த மில் முதலாளியே பணம் கட்டி அவரை நாடகப் பள்ளிக்கு அனுப்பினார். பின்னாளில் நியூகாசிலில் ஆசிரியர்களுக்கு ஆசிரியராகி, வகுப்பறை நாடகத்தின் போக்கையே மாற்றினார். மில் ஊர்ப் பள்ளியில் இவரைப் பற்றி ஒரு நாள் சொல்லுங்கள். அவருடைய முறை எளிமையானது: ஆசிரியர் ஓரமாக நின்று 'நடி' என்று சொல்லாமல், தானே ஒரு பாத்திரமாக, அதுவும் உதவி கேட்டு வருகிறவராக, உள்ளே வருவது. பிள்ளைகள் விவரம் தெரிந்தவர்களாக இருந்து வழி சொல்ல வேண்டும்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வாருங்கள். "ராத்திரி யானை எறங்கிருச்சு சார். ஏழு தென்னை போச்சு. யாரு வனத்துறை ஆபீசரு இங்க?" அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் அதிகாரியாகிவிடுவார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் தோப்பில் யானை இறங்குவது அவர்களுக்குச் செய்தி அல்ல, வீட்டுப் பேச்சு. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த மலை, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆனது என்பதைப் பட்டறைக்குப் பிறகு அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். வேட்டு போடலாமா, மின்வேலி வைக்கலாமா, நஷ்டஈடு யார் கொடுப்பது, யானைக்கு வழி எங்கே? நீங்கள் கோபப்படுங்கள், அழுங்கள், "ஒங்களுக்கு யானைதான் பெருசா?" என்று கேளுங்கள். கோபமாக வந்த ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பிள்ளைகள் உங்கள் மேலேயே பழகிக்கொள்வார்கள். எதிரில் வாத்தியார் தலைப்பாகையோடு கெஞ்சிக்கொண்டு நிற்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய திருவிழா என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நான் செய்த தவறு

தொடக்க காலத்தில், ஒரு பள்ளியில், 'வீட்டில் நடந்த ஒரு சண்டையை நடித்துக் காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டேன். ஒரு சிறுமி நடித்தாள். நடுவில் அவளுக்குக் குரல் நின்றது, பிறகு அழுகை நிற்கவில்லை. வகுப்பே அவள் வீட்டைப் பார்த்துவிட்டது. மணி அடித்தது, நான் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். அவள் மறுநாளும் அதே வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது.

அதன் பிறகு என் பட்டறையில் 'உன் கதை' கிடையாது. 'ஓர் ஊரில் ஒரு பிள்ளை'தான். பெயர் வகுப்பில் யாருக்கும் இல்லாத பெயர். தன் கதையை அந்தப் பிள்ளையின் மேல் ஏற்றுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம், அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. போர்க்காலத்து ஈழத்தில் வேலை செய்தவர்களிடமும் இதே நிதானத்தைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் பாட்டுமாக நாடகங்கள் எழுதினார். மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். போரைப் பார்த்த அந்தப் பிள்ளைகளிடம் அங்கே மண்ணும் வண்ணமும் கதையும்தான் முதலில் நீட்டப்பட்டன.

ஒவ்வொரு பட்டறையின் கடைசிப் பத்து நிமிடம் வேஷம் கலைப்பதற்கு. கூத்துக்காரர்கள் அரிதாரத்தைத் துடைக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பிள்ளைகள் கை கால் உதறி, முகத்தில் தண்ணீர் அடித்து, "நான் பஸ்ஸுல பையைப் பிடுங்கினவன் இல்ல, என் பேரு இன்னது, எட்டாம் வகுப்பு பி" என்று உரக்கச் சொல்லட்டும். வில்லனாக நடித்தவனுக்கு இது மிகவும் தேவை. இல்லாவிட்டால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒரு பிள்ளை தனியே வந்து எதையாவது சொல்லலாம். கேளுங்கள், துருவாதீர்கள், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098. இதை வகுப்புச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பலன் தெரிகிறதா

மதிப்பெண் போடாதீர்கள். 'பரிவு: 7/10' என்று போட்ட ஒரு படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். வேறு வழி இருக்கிறது. முதல் வாரத்துக்கு முன்பும் ஐந்தாவது வாரத்திலும் பத்தாவது வாரத்திலும், மதியச் சத்துணவு நேரத்தில் தள்ளி நின்று, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். பெயருக்குப் பதில் புள்ளி. மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வகுப்பில் புள்ளிகள் நன்றாகக் கலைந்திருக்கும். சில வகுப்பில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். அந்தப் புள்ளி யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் அது சின்ன விஷயமாகத் தோன்றாது.

பத்தாவது வாரம் முடிவதற்குள் தலைமை ஆசிரியர் கட்டாயம் கேட்பார்: "இவ்வளவு பண்ணிருக்கீங்க, ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்ரலாமே?" முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வேண்டாம். அதற்குப் பதில் பெற்றோரை ஒரு நாள் பட்டறைக்கு அழைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரமாக வையுங்கள், டீ கொடுங்கள். நாற்காலி போடாதீர்கள், போட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் வரச் சொல்லி, இட்லி, தோசை, பொங்கல், பூரி என்று எண்ண ஆரம்பியுங்கள். ஒரு முறை, பஞ்சு ஒட்டிய சட்டையோடு வந்திருந்த ஒருவர் பூரியாக நின்று, வட்டத்துக்கு ஓர் ஆள் என்று வைத்ததில் மகளின் வட்டம் விழுந்து, பிராக்ரஸ் ரிப்போர்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். எதிர் வட்டத்தில் அப்பாவாக நின்றது அவருடைய ஏழாம் வகுப்பு மகள். "என்ன மறைக்கிற?" என்று அவள் கேட்டாள். அவருக்குச் சொல்ல வார்த்தை வர ரொம்ப நேரம் ஆனது.